நேவி ஐயாவின் பெயரால் ஒரு வேண்டுகோள்: திருகோணமலை மாநகர சபைக்குத் திறந்த மடல்

திருகோணமலை மாநகர சபையின் கௌரவ மேயர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேவி ஐயாவின் 31ஆம் நாள் கிருத்தியம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்ற நேரத்திலேயே பேச்சுத் தொடங்கிவிட்டது. ஐயாவுக்கு ஊர் என்ன செய்யப் போகிறது? ஒரு வீதிக்கு அவர் பெயரை வைக்க வேண்டும் என்றார் ஒருவர். கடற்கரையில் மார்பளவுச் சிலை ஒன்று வைக்கலாம் என்றார் இன்னொருவர். சபைக்கு மனுக் கொடுக்கக் கையெழுத்தும் சேர்க்கிறார்கள். நல்ல மனத்தோடு செய்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மனு உங்கள் மேசைக்கு வரும்போது இந்த மடலும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. வீட்டார் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். திருக்கடலூரிலும் பள்ளத்தோட்டத்திலும் மனையாவெளியிலும் 'நேவி ஐயா' என்றால் யார் என்று தெரியாதவர்கள் இல்லை. சபையில் இருக்கும் உங்களில் சிலருக்கும் அவர் மனு எழுதித் தந்திருப்பார்.

நான் கேட்பது ஒன்றுதான். சுனாமிக்குப் பிறகு சனிக்கிழமைக் காலைகளில் டச்பே கரையில் அவர் செய்துவந்த வேலையைச் சபை பொறுப்பெடுக்க வேண்டும். இந்த நகரத்தில் பிறக்கும் எந்தப் பிள்ளையும் பத்து வயதுக்குள் தண்ணீரில் மிதக்கவும் நீந்தவும் பழக வேண்டும். பெண் பிள்ளைகளும்தான். அவர்களை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

முதலில் ஐயா யார் என்று, அவரை அறியாத இளைய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம்.

அவருடைய தகப்பனார் பிரித்தானியர் காலத்தில் இங்கிருந்த கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில், டொக்யாட்டில், வேலை செய்தவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்ட அன்று ஐயா கைக்குழந்தை. தாயார் அவரைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடியதை அவருக்குச் சொல்லியிருக்கிறார். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். டொக்யாட் வேலையை நம்பியிருந்த எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியாத நாட்கள் அதோடு ஆரம்பமாயின. அப்படியான ஒரு வீட்டில் இருந்துதான் மூத்த பையன் ரோயல் சிலோன் நேவியில் போய்ச் சேர்ந்தான். தியத்தலாவைக் குளிரில் பயிற்சி, பிறகு கப்பல்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது நம்ப முடியாத கதையாக இருக்கலாம். 1960களில் அந்தக் கடற்படையின் தளபதியே ஒரு தமிழர்தான், ராஜன் கதிர்காமர். மாலுமிகளிலும் தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். ஆனால் கதவு மெதுமெதுவாகச் சாத்தப்பட்டுக்கொண்டிருந்த காலமும் அதுதான். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் ஏற்கெனவே வந்திருந்தது. 1962 ஜனவரியில் ஆட்சியைக் கவிழ்க்க நடந்த சதி முயற்சிக்குப் பிறகு படைகளுக்கு ஆள் எடுக்கும் போக்கே மாறியது. ஐயா சிங்களத்தை முறையாகப் படித்துச் சோதனை எழுதித் தேறினார். விரும்பிப் படித்ததாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பிற்காலத்தில் அந்தச் சிங்களம்தான் எங்கள் ஊருக்கு உதவியது.

1972இல் நாடு குடியரசாகி, கடற்படையின் பெயரும் மாறிய கையோடு அவர் பென்சன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. கேட்டவருக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார், அவ்வளவுதான்.

செத்த வீட்டுக்கு ஒரு வயோதிபர் காலிப் பக்கத்தில் இருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். ஐயாவோடு ஒரே கப்பலில் இருந்த சிங்கள மாலுமி. 1964 டிசம்பர் சூறாவளியைப் பற்றி அவர்தான் எங்களுக்குச் சொன்னார். டிசம்பர் 22ஆம் திகதி இந்தக் கரையைத் தாக்கிவிட்டு, அந்தப் பக்கம் போய்த் தனுஷ்கோடியை அழித்த அதே புயல். அடுத்த நாள்களில் கரையோரக் கிராமங்களுக்குப் போன மீட்புக் குழுவில் இவர்கள் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள். வீடு வீடாகத் தேடியிருக்கிறார்கள். ஆழ்கடலில் அல்ல, இடுப்பளவு, கழுத்தளவு வெள்ளத்தில் செத்துக் கிடந்தவர்களைத்தான் கூடுதலாகக் கண்டார்களாம். அதிலும் பெண்களையும் சின்னப் பிள்ளைகளையும். அதற்குப் பிறகு ஐயா பல நாள் சாப்பிடவில்லை என்றார் அந்த மனிதர். எங்களுக்கு இந்தக் கதை புதிது. எத்தனையோ சனிக்கிழமைகள் அவரோடு தண்ணீரில் நின்றவர்கள் நாங்கள், ஒரு வார்த்தைகூட அவர் சொன்னதில்லை.

ஊருக்கு வந்தவர் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினார். சண்டை தொடங்கியதும் அவருடைய வாழ்க்கையே வேறாகிவிட்டது. கடலுக்குப் போகப் பாஸ், போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, இயந்திரத்தின் வலுவுக்குக் கட்டுப்பாடு, இந்தக் கரையில் வலை போடக்கூடாது, அந்தக் கரையில் வள்ளம் கட்டக்கூடாது. காலையில் ஒரு அறிவித்தல், மாலையில் இன்னொன்று. தொழிலுக்குப் போன மகன் இரவாகியும் திரும்பாவிட்டால் தாய்மார் ஓடிவருவது ஐயாவின் படலைக்குத்தான். வெள்ளைச் சேர்ட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு, நேவியில் இருந்து விலகிய கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறையில் வைத்துக்கொண்டு, அவர் சைக்கிளில் புறப்படுவார். முகாம் வாசலில் சில நாள் கதிரை கொடுப்பார்கள். சில நாள் வெயிலில் நிறுத்துவார்கள். பேரன் வயதுப் பொடியன் ஒருவன் அதட்டுவான். ஐயா நின்று, அவனுடைய மொழியிலேயே, குரல் உயர்த்தாமல், பெயரையும் வள்ளத்தின் இலக்கத்தையும் திரும்பத் திரும்பச் சொல்வார். திரும்பி வந்தவர்களும் உண்டு. வராதவர்களும் உண்டு.

வராதவர்களுக்காக அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகள் இன்றும் இருக்கின்றன. சீ.ஆர். கொப்பிகளில், காபன் தாள் வைத்து எழுதியவை. ஒவ்வொரு கடிதத்தின் மேல் மூலையிலும் திகதி. கீழே சிவப்புப் பேனையால் 'பதில் வந்தது' அல்லது 'பதில் இல்லை'. ஒரு கொப்பியை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சிவப்பில் 'பதில் இல்லை' என்றுதான் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடுத்த கடிதம் எழுதியிருக்கிறார். சில குடும்பங்களுக்காக வருடா வருடம் ஒரே திகதியில் எழுதியிருக்கிறார். 2006இல் சம்பூர்ச் சனங்கள் இடம்பெயர்ந்து கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கொட்டில்களுக்குள் வருடக் கணக்கில் இருந்தபோது அவர்களுடைய காணிக் கடிதங்களையும் இவர்தான் மூன்று மொழியிலும் எழுதிக் கொடுத்தார். 2015இலும் 2016இலும் காணிகள் கட்டம் கட்டமாக விடுபட்டபோது அங்கிருந்து ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு அவர் வீட்டுக்கு வந்தது. நான்கைந்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒழுங்கை முழுக்கப் பகிர்ந்துவிட்டார்.

கடற்படைச் சீருடை என்றால் எங்கள் ஊரில் பலருக்கு என்ன நினைவு வரும் என்பது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. 'நேவிக்காரன்' என்று அவரைப் பார்த்துத் துப்பிய ஒரு தாயும் இந்த நகரத்தில் இருந்தார். அந்தத் தாயின் மகனுக்காக எழுதிய கடிதங்களும் அந்தக் கொப்பிகளில் இருக்கின்றன. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த இடத்தில் நினைவுகூர நின்றவர்களில் ஐயாவும் ஒருவர். கால் வீங்கி நடக்க முடியாமல் போன கடைசி வருடத்திலும் ஓட்டோவில் வந்து இறங்கினார். தான் போட்ட சீருடைக்காக அவர் வெட்கப்படவும் இல்லை, அதைப் போட்டவர்கள் செய்ததற்கு நியாயம் தேடவும் இல்லை. இரண்டையும் ஒன்றாகச் சுமந்தார். என்னைக் கேட்டால் அவரிடம் நான் கண்ட பெரிய தைரியம் அதுதான்.

இனி நீச்சலுக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி நான் நாலாம் வகுப்புப் பிள்ளை. எங்கள் வீட்டில் அம்மம்மா போனார். கிண்ணியாவிலும் மூதூரிலும் நடந்தது அதைவிடக் கொடுமை, கிண்ணியா வைத்தியசாலையே அடிபட்டுப் போனது. சுனாமி அடித்த நாடுகளில் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களும் பிள்ளைகளுமே அதிகம் இறந்தார்கள் என்று பிறகு எண்ணிப் பார்த்தவர்கள் எழுதினார்கள். பெண்களுக்கு நீந்தத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, உடுத்திருந்த சேலை காலைச் சுற்றியது, பிள்ளையை விட்டுவிட்டு ஓட மனம் வரவில்லை. கடலைப் பார்த்தபடி வீடு கட்டி, கடல் தந்ததைச் சாப்பிட்டு வளர்ந்த எங்கள் கிராமத்திலும் அதே கதைதான். ஆண் பிள்ளைகள் தோணிக்குப் பக்கத்தில் விழுந்து எழும்பி எப்படியோ நீந்தப் பழகிவிடுவார்கள். எங்களுக்குக் கரையோடு எல்லை முடிந்துவிடும்.

முகாமாக மாற்றிய பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருந்தபோது ஐயா வந்தார். பிள்ளைகள் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றவே பயந்து கத்திய காலம் அது. 2005இல் கச்சான் காற்றுக் காலம் வந்து இந்தப் பக்கத்துக் கடல் படுத்ததும், வீடு வீடாகப் போய்க் கேட்டார், "சனிக்கிழமை காலையில் பிள்ளையை அனுப்புவீங்களா?" தாய்மார் கதவைச் சாத்தினார்கள். அம்மாவும் முதலில் ஏசித்தான் அனுப்பினார். விழுங்கின கடலுக்குள்ளேயே பிள்ளையை இறக்கச் சொல்கிறாரே இந்த மனுசன் என்று.

பெண் பிள்ளைகளின் தாய்மார் மனம் மாறியது ஐயாவால் அல்ல, அவருடைய மனைவியால். நாங்கள் அவரை அன்ரி என்போம். ஐயாவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அன்ரியை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அவருக்கும் நீந்தத் தெரியாது. அறுபது வயதில் கணவனிடம் பழகினார். சோட்டியை முழங்காலோடு சேர்த்து முடிந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். அவருக்கும் கரைக்கும் இடையில் ஒரு கயிறு. அந்தக் கயிற்றைத் தாண்டி ஒரு பிள்ளையும் போக முடியாது. அவர் நிற்பதைப் பார்த்துத்தான் எங்கள் அம்மாமார் மணலில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் அவர்களிலும் சிலர் தண்ணீருக்குள் வந்தார்கள். முஸ்லிம் பிள்ளைகளுக்கு விடிய ஆறு மணிக்குத் தனி நேரம். அவர்களுக்கு வசதியான உடுப்போடு, தாய்மார் சூழ நிற்க. அபயபுரப் பக்கத்தில் இருந்து சிங்களப் பிள்ளைகளும் வந்தார்கள். ஒற்றுமை, நல்லிணக்கம் என்று அவர் ஒரு பேச்சும் பேசியதில்லை. யாருக்குக் காதுக்குள் தண்ணீர் போனது என்று மட்டும் மூன்று மொழியிலும் கேட்பார்.

அவர் கற்பித்த விதத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபை எடுத்து நடத்தப்போவது அதைத்தான். கையை வீசிக் காலை அடிக்க அவர் முதலில் விடவே மாட்டார். மல்லாக்கப் படு, காது இரண்டையும் தண்ணிக்குள் விடு, வாயை மூடாதே, வானத்தைப் பார். பிடரிக்குக் கீழே அவருடைய இரண்டு விரல் மட்டும் இருக்கும். எப்போது விரலை எடுத்தார் என்று எங்களுக்குத் தெரியாது. எடுத்த பிறகும் மிதந்துகொண்டிருப்போம். காதுக்குள் கடல் இரையும் சத்தம் மட்டும். பயம் அங்கேதான் போனது எனக்கு.

அடுத்த பாடம் இழுவை. கரையில் இருந்து வெளியே இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் எப்படி இருக்கும் என்று மணலில் இருந்தபடியே காட்டுவார். அலை உடையாமல் ஒரு இடம் மட்டும் சலனமில்லாமல், கலங்கலாக இருக்கும். பார்க்க அமைதியான இடம் போலத் தெரியும். குளிக்க வருபவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். அதற்குள் அகப்பட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, களைத்துத்தான் சாவோம். மிதந்துகொண்டு, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் விலகி, இழுவை விட்ட பிறகு திரும்ப வேண்டும். வெளியூரில் இருந்து வந்து டச்பேயிலும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இறங்குகிற இளைஞர்களுக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே போதும், எத்தனையோ பெட்டிகள் இங்கிருந்து வீடுகளுக்குப் போயிருக்காது.

கடைசிப் பாடம் கான். நாலு லீற்றர் எண்ணெய் வந்த வெற்றுக் கான், அதன் கைபிடியில் நைலோன் கயிறு. தாழ்கிறவனைக் காப்பாற்ற நீ குதிக்காதே, குதித்தால் இரண்டு சாவு. கானை எறி. வெறும் கான் காற்றில் போகாது, திரும்பி வந்து உன் காலடியில் விழும். அதனால் உள்ளே ஒரு பேணி தண்ணீர் விட்டு மூடியை இறுக்க வேண்டும். அந்தப் பாரத்துக்குத்தான் அது பறக்கும். அவனுடைய முகத்துக்கு எறியாமல் தலைக்கு மேலால், அவனைத் தாண்டி விழும்படி எறிந்துவிட்டு இழு. கயிற்றின் நுனியில் இறுகாத வளையமாக ஒரு முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் கையால் அந்த முடிச்சைப் போடும்வரை விடமாட்டார். இன்றைக்கும் நான் போடுவேன். எங்களோடு பழகிய ஒரு பொடியன் கந்தளாய்க் குளத்தில் தன் மச்சானை இப்படித்தான் இழுத்து எடுத்தான். அந்தச் செய்தி வந்த அன்று ஐயா எல்லோருக்கும் ஐஸ்பழம் வாங்கித் தந்தார்.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை, அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவை, கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குள் போனார்கள். அது உங்கள் எல்லைக்குள் நடந்தது அல்ல. பாலம் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள், நீச்சலைக் காரணமாகச் சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. ஐயாவும் அதைத்தான் முதலில் சொன்னார், சொல்லிவிட்டுக் கடிதமும் எழுதினார். ஆனால் அன்று பின்னேரம் அவர் கேட்ட இன்னொரு கேள்வியும் என் மனதில் நிற்கிறது. கரையில் ஓடி வந்து நின்றவர்களில் எத்தனை பேரிடம் ஒரு கயிறும் கானும் இருந்தது?

இது திருகோணமலைக்கு மட்டும் உரிய கவலை இல்லை. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கிச் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி எங்களைப் போன்ற நாடுகளில். 2021இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இதற்கென்றே தீர்மானம் எடுத்து ஜூலை 25ஆம் திகதியை ஒதுக்கியது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முக்கியமான வழிகளில் ஒன்று. அதற்குப் பெரிய தடாகம் எதுவும் வேண்டாம். பங்களாதேஷில் ஊர்க் குளத்துக்குள் மூங்கிலால் தட்டும் வேலியும் கட்டிப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார்கள். 25 மீற்றர் நீந்த வேண்டும், 30 விநாடி தண்ணீரில் நிலைத்து நிற்க வேண்டும், கரையில் இருந்து ஒருவரை மீட்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் பாடத்திட்டம். இதைப் படித்த பிள்ளைகள் மூழ்கிச் சாவது வெகுவாகக் குறைந்ததை ஆய்வு செய்து காட்டியும் இருக்கிறார்கள். டச்பேயில் ஐயா செய்ததும் ஏறக்குறைய இதேதான். அவரிடம் மூங்கில் தட்டுக்குப் பதிலாக மனைவியும் ஒரு கயிறும் இருந்தன.

சரி, சபையால் என்ன முடியும்?

பெரிய காசு கேட்கவில்லை. சித்திரையில் இருந்து புரட்டாதி வரை, கடல் படுத்திருக்கும் மாதங்களில், சனி ஞாயிறு காலைகளில் இரண்டு மணி நேரம். பயிற்சி பெற்ற நாலு பேருக்குச் சபை ஒரு கொடுப்பனவு கொடுக்க வேண்டும், அதில் இரண்டு பேர் கட்டாயம் பெண்களாக இருக்க வேண்டும். ஐயாவிடம் பழகிய எங்களில் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். ஆனால் ஆர்வம் மட்டும் இருந்தால் போதாது, பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்ட வேலை. இலங்கை உயிர்காப்புச் சங்கத்தின் முறையான பயிற்சியும் சான்றிதழும் எங்களுக்கு வேண்டும். பொலிஸ் உயிர்காப்புப் பிரிவோடும் கரையோரக் காவல் திணைக்களத்தோடும் பேச சபைக்கு இருக்கும் குரல் எங்களைப் போன்ற தனி ஆட்களுக்கு இல்லை. வலயக் கல்வி அலுவலகத்தோடு பேசி நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை முறை வைத்து அழைத்து வரலாம். புலமைப்பரிசில் வகுப்பு இருக்கிறது என்று பெற்றோர் தயங்குவார்கள். அந்தப் பரீட்சை முடிந்த பிறகு வரும் வாரங்களையாவது எங்களுக்குத் தாருங்கள்.

கரையில் மரத் தூண்கள் வேண்டும். ஒவ்வொரு தூணிலும் கயிறு கட்டிய இரண்டு கான். களவு போகும் என்று சொல்வார்கள். போகட்டும், திரும்ப வைப்போம். ஒரு கானின் விலை எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் ஒரு பலகை. 'குளிக்கத் தடை' என்று மட்டும் எழுதினால் யாரும் மதிப்பதில்லை. இழுவையின் படத்தைப் போட்டு, அகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். வாடைக் காலத்தில், கார்த்திகை முதல் தை வரை, சிவப்புக் கொடி. பட்டினமும் சூழலும் பிரதேச சபைக்கும் இந்த மடலின் பிரதி போகிறது, உப்புவெளிக் கரை அவர்களுடைய பக்கம் என்பதால். இரண்டு சபையும் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது.

சிலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நகரத்தில் ஒரு சிலை வைப்பது எவ்வளவு பாரமான காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2005 மே மாதம் சந்தைக்குப் பக்கத்தில் இரவோடு இரவாக ஒரு புத்தர் சிலை முளைத்ததும், அதைத் தொடர்ந்து ஊர் பூட்டிக் கிடந்ததும் எங்களுக்கு நினைவிருக்கிறது. ஐயாவுக்கு ஒரு சிலை வைத்தால் அவருடைய எந்தக் கோலத்தை வைப்பது என்ற கேள்வியே முதலில் வரும். சீருடையோடா, வெள்ளைச் சேர்ட்டோடா? அந்த வாக்குவாதத்துக்குள் அவரை இழுத்து விட வேண்டாம். உயிரோடு இருந்தபோது ஒரு சங்கம் அவருக்குப் பொன்னாடை போர்த்த வந்தது. அதை வாங்கி, கரைவலை இழுக்கும் ஒருவரின் தோளில் போட்டுவிட்டு, தலையைத் துவட்டிக்கொள் என்றார். யாரையும் அவமதிக்க அல்ல. அந்த மனிதர் அப்போதுதான் தண்ணீரில் இருந்து ஏறியிருந்தார்.

உப்புவெளியில், நிலாவெளி வீதியோரத்தில், இரண்டாம் உலக யுத்தத்தில் செத்தவர்களின் மயானம் இருக்கிறது. நீச்சல் பழகி முடித்த பிள்ளைகளை ஐயா ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போவார். வரிசையாக வெள்ளைக் கற்கள், வெட்டிவிட்ட புல். கற்களில் உள்ள வயதை மட்டும் வாசிக்கச் சொல்வார். பத்தொன்பது, இருபது, இருபத்திரண்டு. அதைப் பற்றி எதுவும் விளக்க மாட்டார். அந்த மயானத்தை இத்தனை வருடமும் ஒருவர் தண்ணீர் ஊற்றிப் புல் வெட்டிப் பராமரித்து வருவதை மட்டும் எங்களுக்குக் காட்டுவார். தூர தேசத்துப் பிள்ளைகளின் கல்லறைக்கே அப்படி ஒரு நிரந்தர ஏற்பாடு இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் உயிரோடு இருப்பதற்கு இந்த நகரத்தில் ஐயாவையும் அவர் மனைவியையும் தவிர இத்தனை காலமும் ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. இப்போது ஐயா இல்லை. அன்ரிக்கு எண்பது தாண்டிவிட்டது.

பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று சபை நினைத்தால் அந்தப் பயிற்சிக்கு வையுங்கள். ஆனால் ஐயாவின் பெயரோடு அன்ரியின் பெயரையும் சேர்த்து வையுங்கள். அதற்கு வீட்டார் சம்மதிப்பார்களா என்று நாங்கள் கேட்டுச் சொல்கிறோம்.

சீ.ஆர். கொப்பிகளைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். அவற்றில் சில கறையான் அரிக்கத் தொடங்கிவிட்டன. பல குடும்பங்களின் கடைசிச் சாட்சி அந்தக் காபன் பிரதிகள்தான். அந்தக் குடும்பங்களின் சம்மதத்தைப் பெற்று, அவர்களுக்கு ஆபத்து வராத விதத்தில், பொது நூலகத்தில் பாதுகாக்க வழி உண்டா என்று ஆராயுங்கள். அவசரப்பட வேண்டாம், ஆனால் மழைக்கு முன்பு கொப்பிகளைக் காய்ந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். அதை நாங்களே செய்வோம், இரண்டு தகரப் பெட்டியும் ஒரு மூலையும் தந்தால் போதும்.

அடுத்த சபை அமர்வின் நிகழ்ச்சி நிரலில் இந்த நீச்சல் பயிற்சியை ஒரு விடயமாகச் சேர்க்கும்படி தாழ்மையோடு கேட்கிறேன். திகதியை அறிவித்தால் பழைய மாணவ மாணவியர் எங்களில் சிலர் வந்து விளக்கம் தருவோம். கானும் கயிறும் கொண்டு வருவோம், கடற்கரையில் இறங்கி எப்படி எறிவது என்று உறுப்பினர்களுக்குச் செய்தும் காட்டுவோம். சித்திரைக்கு முன் ஒரு முடிவு கிடைத்தால் வருகிற கச்சான் காலத்திலேயே முதல் வகுப்பைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
திருக்கடலூரில் இருந்து,
ஐயாவிடமும் அன்ரியிடமும் நீந்தப் பழகிய ஒரு மாணவி